போர்வெல் வண்டியின் முன்சக்கர ஹப் கேப் தேய்ந்துவிட்டது: மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி: திருச்செங்கோட்டு ரிக் வண்டி (போர்வெல் போடும் வண்டி), இப்போது கர்நாடகாவில் வேலை. முன்சக்கரம் இரண்டிலும் நடுவில் உள்ள ஹப்பை மூடும் கேப் தேய்ந்துபோய், இடதுபக்கம் கையால் இழுத்தாலே கழன்று வருகிறது. வலதுபக்க ரிம்மில் கிரீஸ் கோடுகோடாகத் தெறித்திருக்கிறது. "அது வெறும் மூடிதான், மழைக்கு ஊர் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மெக்கானிக். புதுசு வாங்கித் தட்டிவிட்டால் போதுமா, இப்படியே ஓட்டலாமா?

11 செப்டம்பர் 2023, காலை

இப்படியே ஓட்டாதீர்கள். வண்டி பாயிண்ட்டில் (துளை போடும் இடத்தில்) நின்று வேலை செய்கிறது என்றால் வேலை நடக்கட்டும். அடுத்த பாயிண்ட்டுக்குக் கிளம்பும் முன்னால் இரண்டு பக்கமும் மூடியாக வேண்டும்.

முன் ஹப்புக்குள் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கிறது, உள்ளே பெரியது, வெளியே சிறியது. உள்பக்கத்துக்கு ஆயில் சீல் காவல். வெளிப்பக்கத்துக்கு இந்தக் கேப்பை விட்டால் வேறு எதுவும் இல்லை. அதை வெறும் மூடி என்று சொல்பவர், மூடாமல் விட்ட பேரிங்கை ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும்.

கிரீஸ் கோட்டைப் பற்றி ஒன்று. கோடு ஹப்பின் நடுவிலிருந்து கிளம்பி டயரை நோக்கிப் போனால் கேப் வழியாகக் கசிகிறது. ரிம்மின் உள்பக்கத்திலும் டயரின் உட்சுவரிலும் ஈரம் இருந்தால் ஆயில் சீல் போய்விட்டது, அங்கே கேப்பை மாற்றிப் பயனில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

11 செப்டம்பர், மாலை

சாதாரண லோடு லாரியைவிட ரிக்குக்கு இது ஏன் மோசம் என்பதைக் காலையில் சொல்லாமல் விட்டேன். சிமெண்ட் ஏற்றும் லாரியின் ஹப்புக்கு ரோட்டுத் தூசிதான் எதிரி. நம் வண்டி தானே தூசியை உண்டாக்கி அதற்குள்ளேயே நிற்கிறது. கம்ப்ரஸர் காற்று, உடைந்த பாறையைத் தூளாக மேலே தள்ளுகிறது. நம் பக்கத்துக் கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது பேரிங் இரும்பைவிடக் கடினம். இந்தத் தூள் கிரீஸில் கலந்தால் வால்வு அரைக்கப் பயன்படுத்தும் பேஸ்ட் மாதிரி ஆகிவிடுகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற ரோலரும், அது ஓடும் வெளிவளையமான கப்பும் ஒன்றை ஒன்று அரைத்துக்கொள்கின்றன. சத்தம் வெளியே கேட்கும்போது வேலை முடிந்திருக்கும்.

துளையில் தண்ணீர் வந்துவிட்டால் தூள் சேறாகி முன்சக்கரம் பாதி வரைக்கும் நிற்கும். சேறு காய்ந்து கேப்பின் விளிம்பில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்கப் பையன்கள் கடப்பாறையால் தட்டுவார்கள். கேப் நெளிவது பெரும்பாலும் அப்படித்தான். ரோட்டில் ஓடித் தேய்வதைவிடப் பாயிண்ட்டில் அடிபட்டு வீணாவதுதான் அதிகம். துளைக்கும் ராடு ஏற்றிவரும் சப்போர்ட் வண்டியும் பக்கத்திலேயே அந்தத் தூசியில்தான் நிற்கிறது, அதையும் பாருங்கள்.

12 செப்டம்பர்

"கேப் கிடைக்க மூன்று நாள் ஆகும், அதுவரை?" என்று கேட்டிருக்கிறார்.

கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை இரண்டாக மடித்து ஹப்பின் வாயில் போர்த்தி, பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையால் இறுக்கிச் சுற்றுங்கள். ஹப் மூக்கில் பட்டை பிடிக்க விளிம்பு வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் இருக்கும். பக்கத்து ஊர் போய்ச் சேர இது போதும். பெயின்ட் டப்பா மூடியைத் தட்டி ஏற்றுவதும், துணியைத் திணிப்பதும் வேண்டாம். துணி நூலைப் பேரிங் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

14 செப்டம்பர்

எடுத்த படத்தைப் பார்த்தேன். இடது கேப் தட்டி ஏற்றும் தகர வகை. எந்த வகை என்று தெரிந்தால்தான் கழற்றும் முறையும் மாற்றும் முறையும் தெரியும். அதனால் மூன்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, தட்டி ஏற்றும் வகை. தகடு அழுத்திச் செய்தது. அதன் விளிம்பு ஹப்பின் துளையைவிட மயிரிழை பெரிதாக இருக்கும், அந்த இறுக்கம்தான் அதற்குப் பிடிப்பு. இதைக் கழற்றும்போது ஒரே இடத்தில் உளியை வைத்து நெம்பினால் அந்த இடம் முட்டை வடிவமாகிவிடும். மொட்டை உளியை விளிம்பில் வைத்துச் சின்னத் தட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் சுற்று, மறுபடி சின்னத் தட்டு. அப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் தானாக வெளியே வரும். எத்தனை கவனமாக எடுத்தாலும் சில தடவைக்குமேல் அந்த இறுக்கம் இருக்காது. கையால் இழுத்து வருகிற கேப்புக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். விளிம்பில் சென்டர் பஞ்ச்சால் புள்ளி குத்தி இறுக்கம் உண்டாக்குவார்கள், தகர டப்பாவை வெட்டி நடுவில் செருகுவார்கள், நான்கு இடத்தில் வெல்டிங் பொட்டு வைப்பவர்களும் உண்டு. வெல்டிங் மட்டும் வைக்கவே கூடாது. சேசிஸில் எர்த் கொடுத்து ஹப்பில் வெல்டிங் வைத்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து ரோலரில் பொட்டுப் பொட்டாகக் கருக்கிவிடும்.

இரண்டாவது, போல்ட் போட்டு, நடுவில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் வைக்கும் வகை. கேப் வார்ப்பாக இருக்கும், சுற்றிலும் சின்ன போல்ட்டுகள். இதில் கேப்பின் உடம்பு கெடுவது குறைவு. போல்ட் துளை நீள்வட்டமாகும், ஹப்பில் உள்ள திரெட் வழுக்கும், அளவுக்கு மீறி இறுக்கினால் முகம் வளையும். கழற்றிய கேப்பைத் தடித்த கண்ணாடிமேல் எமரி பேப்பர் விரித்து நான்கு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள். முகம் முழுக்கப் பளபளத்தால் நேராக இருக்கிறது. போல்ட் ஓட்டையைச் சுற்றி மட்டும் பளபளத்தால் அங்கே மேடு. மேடு கொஞ்சம் என்றால் அப்படியே தேய்த்துச் சமப்படுத்தலாம், அதிகம் என்றால் புதுசு.

மூன்றாவது, கேப்பே திரெட்டாக ஹப்பில் ஏறும் வகை. இதற்குப் பெரிய சாக்கெட் வேண்டும். சாக்கெட் இல்லாமல் உளி வைத்து அடித்துச் சுற்றுவதால் மூலைகள் மொட்டையாகிவிடும். மூலை தேய்ந்த கேப் பார்க்க அசிங்கமே தவிர, திரெட்டும் உட்காரும் முகமும் நன்றாக இருந்தால் இன்னும் ஓடும். ஆனால் பேரிங் சூடாகி அவசரமாகத் திறக்க வேண்டிய இரவில் அது வராது. அதனால் நான் மாற்றிவிடுவேன்.

வாங்கும்போது வண்டி மாடலை மட்டும் சொல்லிக் கடைக்காரர் கொடுப்பதை வாங்கிவராதீர்கள். ஒரே மாடலில் ஆக்சில் மாறியிருக்கும். பழைய கேப்பைக் கையில் கொண்டுபோங்கள். ஆனால் அளவு எடுக்க வேண்டியது ஹப் துளையில், தேய்ந்த கேப்பில் எடுத்தால் தேய்ந்த அளவுதான் வரும். வெர்னியர் இல்லாவிட்டால் பக்கத்து லேத்துப் பட்டறையில் கேளுங்கள்.

15 செப்டம்பர்

"சக்கரத்தைக் கழற்றணுமா?" கேப்பை மாற்ற மட்டும் வேண்டாம். ஆனால் தேய்ந்த கேப்போடு ஓடிய ஹப்பை உள்ளே பார்க்காமல் மூடினால், உள்ளே போன தூளையும் சேர்த்துப் பூட்டி வைத்ததாக ஆகும். புது கேப் அந்தத் தூளை வெளியே விடாது.

முதலில் ஆட்டம் பாருங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சில் பீமுக்கு ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டோ கட்டையோ வைத்து உட்கார வையுங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், தேவையானால் அடியில் கடப்பாறை கொடுத்து நெம்புங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே பேரிங் என்று முடிவுகட்ட வேண்டாம், முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னாகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக் மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங். பிரேக் பிடித்தும் அப்படியே ஆடினால் கிங்பின்.

அப்புறம் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஸ்பிரிங் மேல் இன்னொரு கையை வையுங்கள். சொரசொரப்பு இருந்தால் காதுக்குக் கேட்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

15 செப்டம்பர், இரவு

ஒருவர் எழுதியிருக்கிறார்: ரிக்கில் ஹைட்ராலிக் ஜாக் இறக்கி லெவல் செய்யும்போது முன்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கிவிடுகிறதே, அப்போதே பார்க்கலாமே என்று. நல்ல யோசனை, பாயிண்ட்டில் நிற்கும்போது சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க அதைவிட வசதி இல்லை. டிரைவர்களுக்கு இதைப் பழக்கமாக்கலாம்.

ஆனால் இரண்டு நிபந்தனை. டிரில்லிங் ஓடும்போது கிட்டேயே போகக்கூடாது. நட்டைக் கழற்றும் வேலையை ஹைட்ராலிக் ஜாக்கை மட்டும் நம்பிச் செய்யக்கூடாது. பாயிண்ட்டுத் தரை சேறாகி ஜாக் கால் இறங்கும், ஹோஸ் விடலாம். ஆக்சிலுக்கு அடியில் கட்டை அடுக்கிவிட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்கள். பையன்கள் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருப்பார்கள், தமிழில் கத்தினால் புரியாது. நீங்களே நின்று கட்டை வையுங்கள்.

18 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் வலதுபக்கம் கழற்றிவிட்டதாகவும், பேரிங் "கொஞ்சம் நிறம் மாறியிருக்கு, மற்றபடி சுத்துது" என்றும் எழுதியிருக்கிறார். சுற்றுகிறது என்பது அளவுகோல் இல்லை. டீசலில் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்து ரோலரை விர்ரென்று சுற்ற விடாதீர்கள். ரிக்கில் அந்த ஆசை எல்லாருக்கும் வரும். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து ரோலர் தெறிக்கும், நம் கம்ப்ரஸர் கொடுக்கிற காற்றில் கேட்கவே வேண்டாம்.

வைக்கோல் நிறமோ நீலமோ இருந்தால் அந்தப் பேரிங் காய்ந்து சூடாகியிருக்கிறது. நீலம் என்றால் யோசிக்காமல் தூர எறியுங்கள், இரும்பின் கடினம் போயிருக்கும். ரோலர் மேல் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக, பளபளப்பே இல்லாமல் இருந்தால் பாறைத்தூள் அரைத்தது. கப்பின் உள்முகத்தில் ரோலர் இடைவெளிக்கு ஒன்றாகக் கறுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் போய் நின்றிருக்கிறது. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிகளைத் திறந்தபோது இந்தக் கறுப்புக் கோட்டை நிறையப் பார்த்தேன். கேப் நன்றாக இருந்த வண்டியில் கிரீஸ் கெட்டிப்பட்டிருந்ததே தவிர பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கேப் தளர்ந்திருந்த வண்டிகளில்தான் கோடு. அதே டயர், அதே ஷெட், அதே மழை.

செதில் பெயர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். எதுவாக இருந்தாலும் கோன் (ரோலரோடு வரும் உள்வளையம்) மட்டும் புதுசு போட்டுக் கப்பைப் பழசாக விடாதீர்கள். இரண்டும் சேர்ந்து ஒரு செட். கப்பை ஹப்பிலிருந்து தட்டி எடுக்க மெக்கானிக் சலித்துக்கொள்வார், விடாதீர்கள்.

19 செப்டம்பர்

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று ஒரு தம்பி கேட்டார். எங்கள் சப்போர்ட் வண்டி மத்தியப் பிரதேசத்துக்குப் போகும்போது நாக்பூர் தாண்டி இடது முன்சக்கரம் பிடித்துக்கொண்டது. கேப் எங்கே விழுந்தது என்று டிரைவருக்கே தெரியாது. வழியில் மழை. முதலில் கருகின வாசனை வந்திருக்கிறது, பிரேக் என்று நினைத்திருக்கிறார்கள். அப்புறம் ஸ்டீயரிங் இடதுபக்கம் இழுத்தது. நிறுத்திப் பார்த்தபோது வெளிப்பேரிங் கூடு நொறுங்கி, கோன், ஹப் சுற்றும் அச்சான ஸ்டப் ஆக்சிலோடு ஒட்டிப்போய்விட்டது. கேஸ் வைத்து வெட்டித்தான் எடுத்தார்கள். ராடு லோடு முழுக்க மேலே, அதன்மேல் பையன்கள் படுத்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் சக்கரம் ஹப்போடு கழன்று போயிருக்கும். எதிரே யார் வந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அங்கே ஒரு பட்டறையில், ஸ்டப் ஆக்சிலில் வெல்டிங் ஏற்றி லேத்தில் கடைந்து தருகிறேன், மாலையில் கிளம்பிவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது திரும்பும் முன்சக்கரத்தைத் தாங்கும் உருப்படி. வெல்டிங் சூட்டில் அதன் உறுதி எங்கே குறைந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஊரிலிருந்து புது ஸ்டப் ஆக்சில் பஸ்ஸில் போட்டு வரவழைத்தோம். வேலை நின்றது, பாயிண்ட் கைமாறிப் போனது. வண்டியும் ஆட்களும் முழுசாகத் திரும்பினார்கள்.

23 செப்டம்பர்

பேக்கிங் பற்றிப் போனில் ஒருவரிடம் "சிலிக்கான் பசையே வேண்டாம், பேப்பர் பேக்கிங் மட்டும் போதும்" என்றேன். அவர் தன் ஹப் முகத்தின் படத்தை அனுப்பினார். துரு அரித்துக் குழி குழியாக இருக்கிறது. அந்த முகத்துக்குப் பேப்பர் மட்டும் பத்தாது. யோசித்துப் பார்த்து என் கருத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். முகம் நன்றாக இருந்தால் காய்ந்த பேக்கிங் மட்டும். குழி இருந்தால் பேக்கிங்கின் ஹப் பக்கத்தில் மட்டும், விரலால் தடவின படலம் அளவுக்குச் சிலிக்கான். ட்யூபைப் பிதுக்கிப் புழு மாதிரி வைத்தால் உள்பக்கம் பிதுங்கிய துண்டு அறுந்து கிரீஸோடு பேரிங்குக்குப் போய்விடும். நான் சிலிக்கானே வேண்டாம் என்று சொல்லக் காரணம் அந்தத் துண்டுகளைப் பேரிங் கூட்டுக்குள் பார்த்ததுதான்.

போல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். எட்டு மில்லி போல்ட் என்றால் 20 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும். குட்டை ஸ்பேனரை மணிக்கட்டு பலத்தில் இறுக்கினாலே வந்துவிடும். பைப் செருகி இறுக்குவதால்தான் பாதி முகம் வளைகிறது.

24 செப்டம்பர்

கிரீஸ். இதில்தான் அதிகம் சண்டை.

"கேப் நிறைய அப்பி அடைத்துவிட்டால் தண்ணீரே போகாதே" என்கிற நம்பிக்கை நம் ஊர்ப் பட்டறைகளில் பலமாக இருக்கிறது. ஓடும்போது கிரீஸ் சூடாகிப் பெருகும். அதற்குப் போக இடம் இல்லாவிட்டால் உள்பக்க ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வந்து விழும் இடம் பிரேக் லைனிங். வலது லைனிங் நனைந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி இடதுபக்கம் இழுக்கும். தொப்பூர் இறக்கத்தில் ராடு லோடோடு இறங்குகிறவர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டாம். பேரிங்கின் ரோலர்களுக்கு நடுவே உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிறைத்து ஏற்றுங்கள், மறுபக்கம் பிதுங்கி வரும்வரை. ஹப்பின் உள் குழியில் இரண்டு பேரிங்குக்கு நடுவே ஓரளவு. கேப்பின் உள்முகத்தில் துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு. அவ்வளவுதான், கேப் பாதிக்குமேல் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

வீல் பேரிங்குக்கென்று வரும் லித்தியம் கிரீஸ், 2-ஆம் எண்ணோ 3-ஆம் எண்ணோ, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும். சேசிஸ் நிப்பிளுக்கு அடிக்கிற கிரீஸை எடுத்து ஹப்பில் போடாதீர்கள். நிறத்தைப் பார்த்து ஒன்றென்று நினைக்கவும் வேண்டாம், சிவப்பும் நீலமும் வெறும் சாயம். களிமண் அடிப்படையில் செய்த கிரீஸையோ பாலியூரியா கிரீஸையோ லித்தியத்தோடு கலந்தால் இளகித் தண்ணீராக ஓடிவிடக் கூடும். பழைய கிரீஸ் என்னவென்று தெரியாவிட்டால் முழுக்கக் கழுவிவிட்டுப் புதுசு போடுவதுதான் ஒரே வழி.

பாயிண்ட்டில் வைத்துக் கிரீஸ் அப்பாதீர்கள். டப்பா திறந்திருக்கும்போது பறக்கிற தூள் போதும்.

2 அக்டோபர்

கேப்புக்கு உள்ளே இருக்கும் பேரிங் நட்டு எவ்வளவு இறுக்கணும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "இறுக்கிவிட்டு ஒரு கால் சுற்றுத் தளர்த்து" என்று காதுவழி வந்த கணக்கை எல்லா வண்டிக்கும் பொருத்த முடியாது. நட்டின் திரெட் பிட்ச் (திரெட்டுக்கும் திரெட்டுக்கும் உள்ள இடைவெளி) மாறினால் கால் சுற்றின் அர்த்தமும் மாறுகிறது.

கொள்கை என்னவென்றால், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முதலில் நன்றாக இறுக்கி ரோலர்களைக் கப்பில் உட்கார வைக்க வேண்டும். பிறகு முழுக்கத் தளர்த்தி, மறுபடி சுற்றிக்கொண்டே லேசாக இறுக்கி, அதிலிருந்து கொஞ்சம் தளர்த்திப் பூட்ட வேண்டும். கடைசியில் மிகச் சின்ன ஆட்டம் மிஞ்ச வேண்டும். அமெரிக்க லாரி ஆக்சில்களுக்குச் சொல்லும் முறையில் முதல் இறுக்கம் சுமார் 270 நியூட்டன் மீட்டர், ஒரு முழுச் சுற்றுத் தளர்த்தல், இரண்டாவது இறுக்கம் சுமார் 68, கடைசி ஆட்டம் 0.025-லிருந்து 0.127 மில்லிமீட்டருக்குள், டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். அந்த எண்களை நம் வண்டிக்கு அப்படியே போடாதீர்கள், உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ளதைப் போடுங்கள். நான் சொல்ல வருவது, இரண்டு தடவை இறுக்குவதற்குக் காரணம் உண்டு என்பதும், எல்லா இறுக்கமும் சக்கரம் சுற்றும்போதே நடக்க வேண்டும் என்பதும்தான். நின்ற சக்கரத்தில் இறுக்கினால் ரோலர் கோணலாக உட்கார்ந்திருக்கும், கொஞ்ச தூரம் ஓடியதும் தளர்ந்துவிடும்.

இந்த டேப்பர் பேரிங்கே குதிரை வண்டிகளுக்காகப் பிறந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் கோச்சு வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கென் 1898-ல் காப்புரிமை வாங்கினார். திருப்பத்தில் சக்கரம் பக்கவாட்டிலும் தள்ளும், மேலிருந்து பாரமும் அழுத்தும். இரண்டையும் ஒரே பேரிங் தாங்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சாய்வு. இரண்டு பேரிங்கை எதிரெதிராக வைத்து நட்டால் நெருக்கத்தைச் சரிசெய்கிறோம். அதனால் கேப்புக்கு உள்ளே இருக்கும் அந்த நட்டு வெறும் பிடிப்பு நட்டு இல்லை, பேரிங்கின் ஆயுளை முடிவு செய்கிற உருப்படி.

3 அக்டோபர்

விட்டுப்போனவை. ஸ்பிளிட் பின்னைத் திருப்பிப் போடாதீர்கள், நாக்கு மடிக்கும் வாஷரில் ஒருமுறை மடித்த நாக்கை மறுபடி மடிக்காதீர்கள். நட்டைத் தொடும் முன் திரெட் எந்தப் பக்கம் போகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள், சில பழைய வண்டிகளில் ஒரு பக்கம் இடது திரெட். பூட்டி முடித்ததும் மூடும் முன் ஒரு போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மெக்கானிக்கோடு வாதம் செய்ய நேரம் மிச்சமாகும்.

9 அக்டோபர்

சக்கரத்தின் வெளியே மாட்டும் பளபள குரோம் மூடி பற்றி ஒருவர் கேட்டார், அதை மாட்டினால் உள்ளே இருக்கும் கேப்புக்குப் பாதுகாப்புதானே என்று.

வேண்டாம் என்பேன். அழகுக்கு மாட்டுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, நாமக்கல்லில் புதுசாகக் கட்டி வெளிவரும் லாரியில் அது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் வேலை வண்டியில் அது மூன்று விஷயத்தை மறைக்கிறது: கேப்பிலிருந்து வரும் கசிவு, வீல் நட்டைச் சுற்றி வரும் துருக்கோடு, ஹப்பின் சூடு. தளர்ந்த நட்டைச் சுற்றித்தான் துரு வழிந்து கோடு விழும். தினமும் காலையில் வண்டியைச் சுற்றி வரும் டிரைவர் பார்க்க வேண்டியவை இவைதான். நட்டுகளின் மேல் மாட்டும் மஞ்சள் அம்புக்குறி பிளாஸ்டிக் வாங்குங்கள். ஒன்றை நோக்கி ஒன்று காட்டுமாறு மாட்டிவிட்டால், நட்டு நகர்ந்ததும் அம்பு விலகித் தெரியும். பணத்தை அதில் போடலாம்.

21 அக்டோபர்

வடகிழக்குப் பருவமழை தொடங்கப்போகிறது. வண்டிகள் திரும்பும் நேரம். தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதை எழுதுகிறேன். கேப் தளர்வாக இருந்தாலும் "மழை மேலிருந்துதானே பெய்கிறது" என்று வாதிடுகிறார்கள்.

தூரம் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே காற்றும் சூடாகிப் பெருகி, கொஞ்சம் வெளியேறியிருக்கும். அந்த நிலையில் ரயில்வே பாலத்துக்கடியில் தேங்கிய தண்ணீரில் இறங்கினால் ஹப் சட்டென்று குளிர்ந்து, உள் காற்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கும். கிடைப்பது தண்ணீர்தான். அதாவது தண்ணீர் தானாகப் போவதில்லை, ஹப் உறிஞ்சுகிறது. ஊர் வந்ததும் நேராக வாட்டர் சர்வீஸில் விடுவதும் இதேதான். பம்பின் குழாயைக் கேப்பின் விளிம்புக்கு நேராகப் பிடித்துச் சேற்றை எடுக்காதீர்கள். ஹப் ஆறட்டும், சேற்றைக் கையால் ஊறவைத்துத் தேயுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பதும் சேர்ந்தே வருகிறது.

சூடு பார்ப்பது பற்றி: துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டர் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படவோ நிம்மதியாகவோ வேண்டாம், ஒரே ஆக்சிலின் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். தொப்பூர் இறங்கிய உடனே பார்த்தால் பிரேக் சூட்டில் எல்லாமே கொதிக்கும், அது பேரிங்கின் கதை இல்லை. சமதரையில் பிரேக் அதிகம் தொடாமல் ஓடி நிறுத்தியபோது கேப்பின் நடுவில் பிடியுங்கள். ஒரு பக்கம் தெளிவாக அதிகமாக இருந்தால் அன்றே திறக்க வேண்டும்.

ஏபிஎஸ் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, சென்சார் மாற்றியும் போகவில்லை என்று எழுதியவருக்கும் இதே பதில். சென்சார் பார்க்கும் பல்வளையம் ஹப்பில் இருக்கிறது. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். இன்னொரு சென்சார் வாங்கும் முன் ஆட்டம் பாருங்கள்.

6 நவம்பர்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வலதுபக்கம் இரண்டு பேரிங்கும் செட்டாக மாற்றி, இடதுபக்கம் கழுவிக் கிரீஸ் மட்டும் போட்டு, இரண்டு பக்கமும் புது கேப் ஏற்றியிருக்கிறார். வலது ஆயில் சீலையும் மாற்றினாரா என்று எழுதவில்லை. மாற்றாவிட்டால் இப்போதே மாற்றுங்கள், ஹப்பை இறக்கியபோது பழைய சீல் மறுபடி உட்காராது. இடதுபக்கத்தையும் ஒரு மாதம் ஓடியதும் மறுபடி ஆட்டம் பாருங்கள்.

புதிதாக வாங்கிய சப்போர்ட் வண்டியில் கேப்பைத் திறந்தால் நட்டும் வாஷரும் வேறு மாதிரி இருக்கிறது, கிரீஸ் எங்கே போடுவது என்று கேட்டவருக்கு: அது முழுசாக மூடி சீல் செய்து வரும் யூனிட் பேரிங்காக இருந்தால் உள்ளே கிரீஸ் போடும் வேலையே கிடையாது, அந்த நட்டுக்குக் கம்பெனி சொன்ன டார்க் (இறுக்க அளவு) மட்டும்தான். மேலே நான் சொன்ன இறுக்கித் தளர்த்தும் முறை அதற்குப் பொருந்தாது, தளர்த்தினால் கெட்டுவிடும். வெளிநாட்டு டிரெய்லர்களில் வருகிற கண்ணாடி ஜன்னல் கேப் என்றால் அது ஆயில் ஹப். கோடு வரைக்கும் கியர் ஆயில் தெரிய வேண்டும், பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. நடுவில் இருக்கும் ரப்பர் அடைப்பான் தொலைந்தால் அதே அடைப்பான்தான் போட வேண்டும், அதன் வழியாகத்தான் ஹப் மூச்சு விடுகிறது.

டூல் பாக்ஸில் கேப் ஒன்று, பேக்கிங் இரண்டு, ஸ்பிளிட் பின் கொஞ்சம், நாக்கு வாஷர் ஒன்று போட்டு வையுங்கள். பேக்கிங்கை அட்டைக்கு நடுவில் தட்டையாக வைக்கணும், சுருட்டி வைத்தால் மடிப்பில் கிழியும். ரிக்குக்கும் சப்போர்ட் வண்டிக்கும் கேப் அளவு ஒன்றா என்று ஊரில் இருக்கும்போதே அளந்து, கேப்பின் உள்ளே பெயின்டில் எழுதிவிடுங்கள்.